தாஜ்மகாலும் அதன் அயலும்

உலகில் சில நகரங்கள் ஒரே கட்டடத்தின் பெயரால் அறியப்படுகின்றன. யமுனைக் கரையிலுள்ள ஆக்ரா அத்தகைய நகரங்களுள் ஒன்று. ஆக்ரா என்றதும் தாஜ்மகால் நினைவில் எழுகின்றது. தாஜ்மகால் நினைவில் எழுந்ததும் ஆக்ரா என்னும் நகரம் மறைந்துவிடுகின்றது. காலையில் டில்லியிலிருந்து புகையிரதத்தில் வந்திறங்குவோர் தாஜ்மகாலைக் கண்டு, பொழுதிருப்பின் கோட்டையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, மாலையில் திரும்பிவிடுகின்றனர். வாழ்நாளில் ஒருமுறையே அவ்வழி செல்வோர் இவ்வாறு செய்தலைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும், கலையின் தரத்தை ஆராயப் புகுவோன் அவர்களைப் போலவே திரும்புவானாயின், அவன் ஆக்ராவைக் காணாதவன் மட்டுமல்லன். தாஜ்மகாலையும் முழுமையாகக் காணாதவனே ஆவான். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைசிறந்த படைப்பொன்றின் அயலில் நிற்கும் படைப்புகளுக்கு இருவகைத் தீங்கு நேர்வதுண்டு. முதலாவது புறக்கணிப்பு. அது வெளிப்படையானது, ஆதலின் அதனை உணர்ந்து திருத்திக்கொள்ளுதல் எளிது. இரண்டாவது, பாராட்டின் வேடம் புனைந்து வருவது. யமுனையின் கீழ்க்கரையில் உள்ள இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை மாளிகையை வழிகாட்டிகள் ‘குட்டித் தாஜ்’ எனப் பெயரிட்டு அழைக்கின்றனர். கேட்போருக்கு இது புகழ்ச்சியாகவே தோன்றும். உண்மையில், அக்கட்டடத்துக்குத் தனக்கெனச் சொல்வதற்கு யாதுமில்லை, பின்னர் வரவிருந்த பெருமைக்கு அது ஓர் ஒத்திகையே என்பதுதான் அப்பெயரின் உட்பொருள். தாஜ்மகால் எழும் முன்னரே அது எழுந்தது என்பதையும் அப்பெயர் மறைத்துவிடுகின்றது. மூத்தவரை இளையவரின் பெயரால் அழைக்கும் இம்முறை வழிகாட்டிகளிடத்து மட்டும் காணப்படுவதன்று. கற்றறிந்த திறனாய்வாளரிடத்தும் அது காணப்படுதலே வருந்தத்தக்கது.

முதற்கண் நகரின் அமைப்பை நோக்குதல் வேண்டும். 1526ஆம் ஆண்டில் பாபர் ஆக்ராவைக் கைப்பற்றியபோது, அந்நிலத்தின் வெப்பமும் புழுதியும் அவருக்கு வெறுப்பையே தந்தன. அதற்கு மாற்றாக யமுனைக் கரையில் நீரோடைகளும் நேர்கோட்டுப் பாதைகளும் கொண்ட தோட்டங்களை அவர் அமைக்கலானார். 1530இல் அவர் ஆக்ராவிலேயே இறந்தார். அவர் உடல் முதலில் அந்நகரில் அடக்கப்பட்டுப் பின்னரே காபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர் தொடங்கிய வழக்கத்தை அவர் வழிவந்தோரும் அரசவைப் பெருமக்களும் பின்பற்றினர். ஜெய்ப்பூரில் பேணப்பட்டுவரும் 18ஆம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றில், ஆற்றின் இருமருங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட தோட்டங்களும் மாளிகைகளும் அணிவகுத்து நிற்றலைக் காணலாம். ஆகவே முகலாயரின் ஆக்ரா, ஆற்றை நடுவீதியாகக் கொண்ட தோட்ட நகரம் எனலாம். அந்நகரிலே தாஜ்மகால் தனித்து நின்ற அற்புதம் அன்று. நீண்ட வரிசையொன்றில் ஓர் இடத்தைப் பெற்றிருந்த தோட்டமும் கல்லறையுமே அது. அயலிலிருந்த தோட்டங்கள் அழிந்தமையாலும் மறக்கப்பட்டமையாலும் அது இன்று தனித்து நிற்கின்றது. அத்தனிமை அதன் பிறவிக்குணம் அன்று; காலம் அதன்மேல் ஏற்றியது.

அவ்வரிசையிலிருந்து விலகி, நகரின் வடமேற்கே சிக்கந்தராவில் நிற்பது அக்பரின் கல்லறை. அக்பர் 1605இல் இறந்தார்; கட்டடம் 1613ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. கட்டுவோர் தத்தம் மனம்போனவாறு கட்டியிருந்தமை கண்டு மனநிறைவு கொள்ளாத ஜஹாங்கீர், சில பகுதிகளை இடித்து மாற்றுமாறு பணித்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளிலே கூறியுள்ளார். ஐந்து தளங்கள் கொண்ட இக்கட்டடத்தின் கீழ்த்தளங்கள் செம்மணற்கல்லால் ஆனவை; மேற்றளம் வெண்சலவைக் கல்லால் ஆனது. ஒவ்வொரு தளமும் மேலே செல்லச் செல்லச் சுருங்குகின்றது. உச்சியிலே குவிமாடம் இல்லை. சலவைக்கற் சாளரங்கள் சூழ்ந்த திறந்த முற்றமும், அதன் நடுவே இறைவனின் 99 திருநாமங்கள் பொறிக்கப்பட்ட அடையாளக் கல்லறையுமே உள்ளன. உண்மைக் கல்லறையோ, அடித்தளத்தில், சரிந்து செல்லும் வழியொன்றின் முடிவிலே, அணியேதுமற்ற இருண்ட அறையில் இருக்கின்றது. கீழே இருளும் எளிமையும். மேலே வானமும் ஒளியும். இடைப்பட்ட தளங்கள் பலவற்றில் சிறுசிறு மண்டபங்கள் நெருங்கி நிற்கின்றன.

இக்கட்டடத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற கட்டடக்கலை ஆய்வாளரான ஜேம்ஸ் பெர்குசன் கூறிய கருத்து கவனிக்கத்தக்கது. 1876இல் வெளிவந்த தம் பெருநூலிலே, இதன் அமைப்பு இந்தியாவின் பழைய பௌத்தக் கட்டட மரபைத் தழுவியது என்றும், மாமல்லபுரத்து இரதத்தை நினைவூட்டுவது என்றும் அவர் கூறினார். அடுக்கடுக்காகச் சுருங்கியெழும் அமைப்பைக் கண்டு, முகலாய மன்னரின் கல்லறையையும் பல்லவரின் கற்கோயிலையும் ஒருங்கு நினைத்த அவர் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஆனால் அவர் அவ்வளவில் நின்றாரில்லை. உச்சியில் ஒரு குவிமாடம் அமைதல் வேண்டுமென்பதே தொடக்கத்துக் கருத்தாயிருந்திருக்கும் என்றும், அது அமைந்திருப்பின் இந்தியக் கல்லறைகளுள் தாஜ்மகாலுக்கு அடுத்த இடம் இதற்குக் கிடைத்திருக்கும் என்றும் அவர் முடிவு செய்தார்.

இம்முடிவுக்கு ஆதாரமே இல்லை எனல் ஆகாது. 1611ஆம் ஆண்டளவில் ஆக்ராவில் இருந்த வில்லியம் பிஞ்ச் என்னும் ஆங்கில வணிகர், உச்சித்தளம் சலவைக்கல்லால் மூடப்படவிருந்ததாக எழுதியுள்ளார். எனினும் கட்டத் தொடங்கியோர் எண்ணியது ஒன்று. கட்டி முடிக்கப்பட்டு நிற்பது பிறிதொன்று. திறனாய்வாளன் ஆராயவேண்டியது நிற்பதையே. திறந்த உச்சியைக் குறையெனக் கொண்டு, அக்குறை நீங்கியிருப்பின் இரண்டாம் இடம் கிடைத்திருக்கும் என மதிப்பிடும்போது, பெர்குசன் கையில் இருந்த அளவுகோல் சிக்கந்தராவில் எடுக்கப்பட்டதன்று, தாஜ்மகாலில் எடுக்கப்பட்டது. குவிமாடம் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவது. திறந்த முற்றம் கண்ணை எல்லையற்ற வெளியில் விடுவது. இவ்விரண்டும் வெவ்வேறு கருத்துகள். ஒன்றன் இலக்கணத்தால் மற்றொன்றை அளத்தல், வெண்பாவின் தளையைக் கொண்டு ஆசிரியப்பாவிற் குற்றம் காண்பதை ஒக்கும்.

சிக்கந்தராவின் தெற்கு வாயில் வேறொரு செய்தியையும் தருகின்றது. அவ்வாயிலின் நான்கு மூலைகளிலும் வெண்சலவைக் கல்லாலான நான்கு தூபிகள் எழுகின்றன. வாயிலின் முகப்பை அணிசெய்யும் எழுத்துப் பொறிப்புகளை அமைத்தவர் அப்துல் ஹக் ஷிராசி என்பவர். இவரே பின்னர் அமானத்கான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றுத் தாஜ்மகாலின் எழுத்துப் பொறிப்புகளையும் அமைத்தவர். தாஜ்மகாலிலே தம் பெயரைக் கையொப்பமாகப் பொறித்துள்ள கலைஞர் இவர் ஒருவரே. ஆகவே தாஜ்மகாலின் சுவரில் எழுதிய கை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிக்கந்தராவில் எழுதிப் பழகிய கையாகும்.

இனி, ‘குட்டித் தாஜ்’ எனப்படும் கட்டடத்துக்கு வருவோர், முதலில் அப்பெயரை மறந்துவிடுதல் நன்று. பாரசீகத்திலிருந்து அக்பரின் அவையை நாடி வந்த மிர்சா கியாஸ் பேக் என்பவர், ஜஹாங்கீரின் காலத்திலே இதிமாத்-உத்-தௌலா, அதாவது அரசின் தூண், என்னும் பட்டம் பெற்று முதலமைச்சராக உயர்ந்தார். அவர் மகளே நூர்ஜஹான். அவர் மகன் ஆசப்கானின் மகளே மும்தாஜ் மகால். 1621இல் அவர் மனைவி அஸ்மத் பேகமும், சில மாதங்களின் பின் 1622இல் அவரும் இறந்தனர். பெற்றோருக்காக நூர்ஜஹான் எழுப்பிய இக்கல்லறை 1628ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. மும்தாஜ் மகால் இறந்தது 1631இல்; தாஜ்மகாலின் வேலை தொடங்கியது 1632இல். ஆகவே கணவன் மனைவிக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை உலகம் அறிந்த அளவுக்கு, அதற்கு முன்னரே ஒரு மகள் தாய்தந்தையர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை அறியவில்லை. அன்பு என்னும் பொருளிலே இவ்விரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு கூறுதல் எங்ஙனம்?

இக்கட்டடம் பெரியதன்று. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 70 அடியே அளவுள்ளது. நான்கு மூலைகளிலும் தடித்த குறுந்தூபிகள் கட்டடத்தோடு ஒட்டி நிற்கின்றன. மேலே இருப்பது உருண்டு திரண்ட குவிமாடம் அன்று. விதானம் போலக் கவிந்த கூரையுடைய சிறு மண்டபமே. ஆனால் அதன் வெளிப்புறத்திலே வெறுமையான இடத்தைத் தேடிக் காணல் அரிது. வெண்சலவைக் கல்லிலே பலநிறக் கற்களைப் பதித்து, கோலங்களும், பூச்சாடிகளும், கழுத்து நீண்ட குடுவைகளும், கிண்ணங்களும், கனிகளும், சைப்பிரசு மரங்களும் ஆக்கப்பட்டுள்ளன. இறந்தோரின் இல்லத்திலே விருந்துக்குரிய கலன்கள் எதற்கு என வினவுதல் இயல்பு. பாரசீகக் கவிமரபை அறிந்தோருக்கு விடை கூறவேண்டுவதில்லை. அம்மரபிலே மதுவும் கிண்ணமும் தோட்டமும் சுவர்க்கத்தின் குறியீடுகளாகப் பயின்று வருவன. நாட்டை விட்டு வந்த பாரசீகக் குடும்பமொன்று, தான் பிறந்த மண்ணின் கவிதையைக் கல்லிற் பதித்து, அதன் நடுவே தன் மூத்தோரை உறங்க வைத்தது எனலாம்.

இதன் அழகு அண்மையிற் கண்டு மகிழும் அழகு. ஒரு நகைப்பேழையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போன்று, இதனைச் சுற்றிச் சுற்றி வந்து காணல் வேண்டும். தாஜ்மகாலின் அழகோ தொலைவிலேயே தொடங்குவது. அங்கும் பதிப்பு வேலை உண்டு. ஆனால் அது அடக்கப்பட்டது. வெளிச்சுவரின் பெரும்பரப்பு வெறுமையாக விடப்பட்டு, காலையும் மாலையும் மாறும் ஒளிக்கு இடமளிக்கின்றது. மிக நுண்ணிய பதிப்பு வேலைகள் உள்ளே, அடையாளக் கல்லறைகளிலும் அவற்றைச் சூழ்ந்த தட்டியிலும் செறிந்துள்ளன. அது வெறுமை அன்று, அடக்கம் என்பதனை உணர்வதற்கு, அடக்கமின்றி அள்ளிச் சொரிந்த கட்டடத்தை ஆற்றின் மறுகரையிற் காணல் வேண்டும். சொல்லாது விட்டதன் அருமை, சொல்லியிருக்கக்கூடியது யாதென அறிந்தவனுக்கே புலனாகும்.

அதே கரையில் வடக்கே சிறிது தூரம் சென்றால் காண்பது சீனி-கா-ரௌசா. இங்கே ‘சீனி’ என்பது சர்க்கரையைக் குறிப்பதன்று, பீங்கானைக் குறிப்பது. ஷாஜகானின் முதலமைச்சராயும் புலவராயும் விளங்கிய அப்சல்கான் ஷிராசியின் கல்லறை இது. இவர் மேலே கூறிய அமானத்கானின் உடன்பிறந்தவர். 1639இல் இவர் லாகூரில் இறக்க, உடல் ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டது. உடன்பிறந்தவரின் பிரிவை ஆற்றாத அமானத்கான் அரச பதவியைத் துறந்தார் என்ப. ஒருவர் எழுத்து தாஜ்மகாலில் உலகம் காண நிற்கின்றது. மற்றவர் உடல் ஆளரவம் குறைந்த ஆற்றங்கரையில் உறங்குகின்றது.

இக்கட்டடத்தின் சுவர்களைப் போர்த்தியிருந்தது சலவைக்கல் அன்று. நீலமும் மஞ்சளும் பச்சையுமான மெருகோடுகள். பாரசீகத்திலும் லாகூரிலும் பெருவழக்காயிருந்த இக்கலை ஆக்ராவில் அருகியே காணப்படுவது. தாஜ்மகால் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே அரசவையைச் சேர்ந்த ஒருவரின் கல்லறை முற்றிலும் வேறான வழியை மேற்கொண்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. எல்லாக் கட்டடங்களும் தாஜ்மகாலை நோக்கி ஏறிய படிகள் என்னும் கொள்கை இங்கே தகர்ந்துவிடுகின்றது. அக்காலக் கலைஞர் முன் பல வழிகள் திறந்திருந்தன. ஆனால் இன்று சீனி-கா-ரௌசாவின் ஓடுகளிற் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மழையும் வெயிலும் அதற்குக் காரணமாகலாம், கவனிப்பாரின்மையும் காரணமே. புகழ் ஒரு கட்டடத்துக்கு அணி மட்டுமன்று, காவலுமாகும். புகழ் முழுவதையும் ஒன்றற்கே அளித்துவிட்ட நகரிலே, மற்றவற்றிற்குக் காவல் குறைந்துபோவது இயல்பே. திறனாய்வாளனின் சொல்லுக்கு இத்துணைப் பொறுப்பு உண்டு என்பதை உதிர்ந்த அந்த ஓடுகளே உணர்த்துகின்றன.

முன்னோடிகளைப் படிகளாகக் கருதுவது ஒரு பிழையாயின், பின்வந்தோர் அதனைப் பார்த்தெழுதுவது மற்றொரு பிழை. ஆக்ராவின் ரோமன் கத்தோலிக்க இடுகாட்டிலே, சிந்தியாவின் படையிற் பணிபுரிந்து 1803இல் இறந்த ஹெஸ்ஸிங் என்னும் ஒல்லாந்தப் படைத்தலைவரின் கல்லறை இருக்கின்றது. செம்மணற்கல்லில் தாஜ்மகாலின் உருவத்தைச் சிறிதாக்கி அமைத்திருக்கின்றனர். ‘குட்டித் தாஜ்’ என்னும் பெயர் பொருந்துமாயின் இதற்கே பொருந்தும். வேலைப்பாடு செம்மையானதே. எனினும் ஆறும் தோட்டமும் ஒளி மாறும் வெண்கல்லும் இல்லாத இடத்திலே, வடிவம் மட்டும் வந்து நிற்கின்றது. இதனைக் கண்டபின், தாஜ்மகாலின் பெருமை அதன் உருவத்தில் மட்டும் அடங்கியதன்று, அது நிற்கும் இடத்தோடு கலந்தது என்பது தெளிவாகும்.

அவ்விடத்தின் பொருளை முற்றாக அறிவிப்பது, யமுனையின் மறுகரையிலே தாஜ்மகாலுக்கு நேர் எதிரே உள்ள மேத்தாப் பாக், அதாவது நிலவுத் தோட்டம். ஷாஜகான் தமக்கெனக் கறுப்புச் சலவைக் கல்லால் மற்றொரு தாஜ்மகாலை அவ்விடத்திற் கட்டத் தொடங்கினார் என்னும் கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. மறுகரையில் மன்னர் தம் கல்லறையைத் தொடங்கினார் என எழுதிய பிரெஞ்சு வணிகர் தவர்னியேயின் குறிப்பே இக்கதைக்கு வித்து. 1990களில் இந்தியத் தொல்பொருளாய்வுத்துறையினரும் அமெரிக்க ஆய்வாளரும் ஆங்கு நிகழ்த்திய ஆய்வுகளிலே, கறுப்பு மாளிகையின் அடித்தளம் எதுவும் வெளிப்படவில்லை. வெளிப்பட்டது ஒரு தோட்டமும், ஆற்றை அடுத்து எண்கோண வடிவில் அமைந்த பெருங்குளமுமே. தாஜ்மகாலின் நிழல் அக்குளத்து நீரில் விழுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. 1652இல் ஔரங்கசீப் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்திலே, இத்தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியதையும் தாஜ்மகாலின் மாடங்கள் மழையில் ஒழுகுவதையும் ஒருங்கே அறிவித்துள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது. இரண்டும் ஒரே அமைப்பின் பகுதிகள் என்பது அக்கடிதத்தாலும் விளங்கும்.

கறுப்பு மாளிகைக் கதைக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணம் ஒன்று உண்டு. தாஜ்மகாலிலே நடுவிலிருப்பது மும்தாஜ் மகாலின் அடையாளக் கல்லறை. ஷாஜகானுடையது அதன் மேற்கே ஒதுங்கியுள்ளது. எல்லாம் இருபுறமும் ஒத்திருக்கும் கட்டடத்தில் இஃதொன்றே ஒவ்வாதிருத்தலின், மன்னர் தமக்கு வேறிடம் கருதியிருந்தார் என்பது வாதம். இவ்வாதம் கூறுவோர் ஆற்றைக் கடந்து இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறைக்குட் சென்றாரல்லர். அங்கும் நடுவிலிருப்பது முதலில் இறந்த அஸ்மத் பேகத்தின் கல்லறை. கணவருடையது அதன் மேற்கே உள்ளது. பாட்டனார் பாட்டியாரின் கல்லறையில் உள்ள ஒழுங்கே பேர்த்தியின் கல்லறையிலும் அமைந்தது. ‘சிறிய’ கட்டடமொன்றைப் புறக்கணித்தமையால், ‘பெரிய’ கட்டடத்தைப் பற்றி ஒரு கட்டுக்கதை நிலைபெற்றது. ஒன்றை மட்டும் அறிந்தவன் அந்த ஒன்றையும் பிழைபட அறிவான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அக்பரின் கல்லறையும் இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறையும் தத்தம் தோட்டங்களின் நடுவில் நிற்பவை. தாஜ்மகாலோ தன் தோட்டத்தின் நடுவில் இல்லை; அதன் எல்லையிலே ஆற்றோரமாக நிற்கின்றது. தென்வாயிலில் நின்று காண்போருக்கு அது தோட்டத்தின் முடிவாகத் தோன்றும். மேத்தாப் பாக்கில் நின்று காண்போருக்கோ, இக்கரைத் தோட்டமும் அக்கரைத் தோட்டமும் ஆறும் சேர்ந்த ஒரு பேரமைப்பின் நடுவில் அது நிற்பது விளங்கும்.

இவ்வாறெல்லாம் கூறுதலால் தாஜ்மகாலின் பெருமை குறைந்துவிடுமோ எனச் சிலர் அஞ்சலாம். குறையாது; தெளிவாகும். சிக்கந்தராவின் வாயிலில் ஏறியிருந்த தூபிகளை இறக்கி, மேடையின் நான்கு மூலைகளில் தனியே நிறுத்தி, நடுமாளிகைக்கு வெளியை அளித்தவர் யாவரோ, அவர் சிக்கந்தராவைக் கண்டவர். அணிகளைக் குறைத்து வெண்மைக்கு இடங்கொடுத்தவர், மறுகரையின் நகைப்பேழையைக் கண்டவர். எதைக் கொண்டனர், எதை விட்டனர், எதை இடம்மாற்றினர் என அறிந்து பாராட்டுதலே பாராட்டு. அஃதறியாது வியத்தல் வெறும் வியப்பே; அதற்குக் கல்வி வேண்டுவதில்லை.

இலக்கியம் கற்போருக்கும் இது பொருந்தும். ஒரு காப்பியத்தை மட்டும் கற்று, அதன் முன்னும் பின்னும் அயலிலும் தோன்றிய நூல்களை ‘சிறுநூல்’ என ஒதுக்குவோன், அக்காப்பியத்தைப் போற்றுபவனாகத் தோன்றலாம், அதனை அறிந்தவனாகான். ஆக்ராவிலே தாஜ்மகாலைக் கண்டு முடித்த மாணவன், மாலைப் புகையிரதத்தை விடுத்து, யமுனைப் பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் செல்வானாக. அங்கு ஓடு உதிர்ந்த சுவரையும் நிறக்கற் குடுவைகளையும் கண்டபின், நிலவுத் தோட்டத்தின் கரையில் நின்று திரும்பி நோக்குவானாயின், காலையிற் கண்ட அதே கட்டடத்தை அப்போதுதான் முதன்முறையாகக் காண்பான்.